பழைய சமையலறை: எங்கே கோளாறு, எதை மட்டும் மாற்றினால் போதும்

சென்னையில் 1980, 90களில் கட்டிய அடுக்குமாடி வீடுகளின் சமையலறைக்கு ஏறக்குறைய ஒரே முகம்தான். கறுப்புக் கடப்பா மேடை, அதற்குக் கீழே கடப்பாவிலேயே தடுப்புகள், மேடைக்கு மேல் இரண்டு மூன்று அடிக்கு வெள்ளை டைல், தலைக்கு மேல் பரண், ஜன்னலோரம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், கூரை நடுவில் ஒரு டியூப் லைட். இதைப் புதுசாக்க வேண்டும் என்று ஆளைக் கூப்பிட்டால், வந்தவர் வாசலில் நின்றபடியே "எல்லாத்தையும் உடைச்சிட்டு மாடுலர் போட்டுடலாம்" என்பார். பெரும்பாலான வீடுகளில் அதற்கு அவசியமே இல்லை. கல்லும் சுவரும் நன்றாகத்தான் இருக்கும். கிழடு தட்டியிருப்பது டைல் இடுக்கு, குழாய் வாஷர், ஒயர், கீல், விளக்கு ஆகியவைதான். இவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்தால் மாடுலருக்குக் கேட்கும் தொகையில் சின்னப் பங்கிலேயே வேலை முடிந்துவிடும்.

வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகு கரண்ட், அதன்பின் புகை, பிறகு டைலும் மேடையும், கடைசியில்தான் கதவும் பெயிண்டும். பெயிண்ட் அடித்து முடித்த சுவரைக் குழாய்க்காக மறுபடி கொத்த வைப்பதில்தான் பலருடைய காசு கரைகிறது. கீழே உள்ளவையும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அதைப் பாருங்கள்.

சிங்க்குக்குக் கீழே எப்போதும் ஈரம், கப்போர்டு அடிப்பலகை ஊதியிருக்கிறது

எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் பிரிக்காதீர்கள். அடியில் இருக்கும் சாமான்களை எடுத்துவிட்டு, குழாய், ட்யூப், டிராப் (சிங்க்குக்கு அடியில் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கும் கிண்ணம்) எல்லாவற்றையும் துணியால் உலரத் துடையுங்கள். கீழே செய்தித்தாள் விரியுங்கள். பிறகு மூன்று சோதனை, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிட இடைவெளி.

முதலில், குழாயைத் திறக்காமல் சும்மா விடுங்கள். தாள் நனைந்தால் கசிவு வரும் பக்கத்தில் இருக்கிறது, அதாவது ஆங்கிள் காக் (சுவரோரம் தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வு), கனெக்‌ஷன் ட்யூப் அல்லது சுவருக்குள் இருக்கும் லைன். அடுத்து, சிங்க்கை அடைத்து விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். இப்போது நனைந்தால் கப்ளிங் (சிங்க் ஓட்டையில் மாட்டியிருக்கும் வடிகால் மூட்டு), பாட்டில் டிராப், வேஸ்ட் பைப் இந்த மூன்றில் ஒன்று. இரண்டிலும் தாள் காய்ந்தே இருந்தால், சிங்க் விளிம்பும் மேடையும் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நிறைய வீடுகளில் குற்றவாளி இதுதான். பாத்திரம் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் விளிம்பு இடுக்கு வழியாக இறங்கி, பலகையின் பின்பக்கமாக ஓடி எங்கேயோ சொட்டும். பாவம், பிளம்பர் நல்ல டிராப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

விளிம்புக்கு சிலிக்கான் போட வேண்டும். கடையில் "சிலிக்கான் குடுங்க" என்று மட்டும் கேட்டால் வினிகர் நெடி அடிக்கும் ட்யூபைத் தருவார்கள். அதில் வெளிவருவது அசிட்டிக் அமிலம், கடப்பாவோ சுண்ணாம்புக்கல். அமிலம் பட்டால் ஓரம் வெளுக்கும், ஒட்டும் நிற்காது. "நியூட்ரல்" என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழைய சிலிக்கானையும் வெள்ளை சிமெண்ட்டையும் பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஐந்தாறு மி.மீ. அகலத்துக்கு ஒரே இழுப்பில் இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்து, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். 24 மணி நேரம் அங்கே தண்ணீர் படக் கூடாது. ராத்திரிப் பாத்திரம் கழுவி முடித்தபின் போட்டுவிட்டு மறுநாள் பாத்திரத்துக்கு பாத்ரூம் குழாய் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊதிப்போன பார்ட்டிக்கிள் போர்டு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. முழு கப்போர்டையும் மாற்றத் தேவையில்லை. அடிப்பலகையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு 18 மி.மீ. டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) அல்லது பி.வி.சி. ஃபோம் போர்டு போட்டால் தண்ணீரைப் பற்றிய கவலை தீர்ந்தது. பிளைவுட்தான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ரகம். பொது உபயோக ரகமான ஐ.எஸ். 303 சிங்க்குக்கு அடியில் வேண்டாம். எந்த பிளைவுட் ஆனாலும் அறுத்த விளிம்பை மூடாமல் விட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏறும். சிங்க் பெட்டிக்கு முதுகுப் பலகை போட வேண்டாம். காற்றும் போகும், பிளம்பர் கையும் போகும்.

குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது

போர் தண்ணீர் ஓடும் வீட்டில் இதற்கு முதல் காரணம் குழாய் மூக்கில் இருக்கும் வலைதான். திருகிக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் தண்ணீர் கொட்டினால் வலையில் உப்பு அடைத்திருக்கிறது. ராத்திரி முழுக்க வினிகரில் போட்டு வைத்து, காலையில் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். ரொம்ப இறுகியிருந்தால் புதிது வாங்கிவிடுங்கள், விலை பெரிதில்லை.

கழற்றியும் நூலாகவே வந்தால் அடியில் உள்ள ஆங்கிள் காக் முழுக்கத் திறந்திருக்கிறதா பாருங்கள். அதுவும் சரி, ஆனால் பாத்ரூமில் மட்டும் வேகமாக வருகிறது என்றால், சமையலறைக்கு வரும் பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப் உள்ளே துருவால் சுருங்கிவிட்டது. காலையில் முதல் தண்ணீர் செந்நிறமாக வந்தால் சந்தேகமே வேண்டாம். பம்ப் போட்டுத் தள்ளினாலும், ஆசிட் விட்டுக் கழுவினாலும் அது தீராது. அந்த ஒரு லைனை மட்டும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றுங்கள். சுவரை வெட்டாமல் மேடைக்கு அடியில் வெளியாகவே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோகலாம். கதவு வைத்தபின் கண்ணில் படாது.

புதுக் குழாய் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. பழைய குழாய் இறுகியிருந்தால் பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம். துருப்பிடித்த நிப்பிள் சுவருக்குள்ளேயே முறிந்தால், சில நூறு ரூபாய் வேலை டைல் உடைக்கும் வேலையாகிவிடும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி விட்டு, கொஞ்சம் முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

சிங்க் பக்கம் சாக்கடை நாற்றம்

மேடைக்கடியில் நெளிவு நெளிவான வேஸ்ட் பைப் நேராகத் தரை ஓட்டைக்குள் சொருகியிருக்கிறதா? நாற்றம் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது, கரப்பானும் அதே பாதையில்தான். பாட்டில் டிராப் மாட்டினால் அதில் தேங்கும் தண்ணீரே நாற்றத்தை மறிக்கும். பைப் தரைக்குள் நுழையும் இடத்துக்கு ரப்பர் வளையம் கிடைக்கும், அதையும் போடுங்கள். டிராப் ஏற்கெனவே இருந்தும் ஊருக்குப் போய் வந்தால் மட்டும் நாறுகிறது என்றால் உள்ளே தண்ணீர் வற்றியிருக்கிறது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், தீர்ந்தது.

அடைப்புக்குக் காஸ்டிக் பவுடர் போட்டபின் அதன்மேல் ஆசிட் ஊற்றுவது, ஆசிட்டோடு பிளீச்சிங் கலப்பது இரண்டும் ஆபத்து. முன்னது கொதித்துத் தெறிக்கும். பின்னதில் குளோரின் வாயு கிளம்பும். டிராப்பின் அடிக் கிண்ணம் கையாலேயே திருகிக் கழற்றும்படி இருப்பது எதற்கு? ஒரு பக்கெட்டை அடியில் வைத்துக் கழற்றிக் கொட்டினால் பவுடரே வேண்டாம்.

பிளக் சுடுகிறது, எரிந்த வாடை, எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது

இந்த வீடுகள் கட்டியபோது சமையலறையில் கரண்ட் சாமான் என்றால் மிக்ஸியும் கிரைண்டரும்தான். 750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் 3.3 ஆம்பியர்தான் இழுக்கும். 6 ஆம்பியர் பாயிண்ட் தாராளம். இன்று அதே பாயிண்ட்டில் 1500 வாட் கெட்டிலைச் சொருகினால் 6.5 ஆம்பியர், 2000 வாட் இண்டக்‌ஷனைச் சொருகினால் 8.7. பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் சொருக வைக்கும் கன்வர்ஷன் பிளக்தான் சமையலறையில் இருக்கும் மிக மோசமான சாமான். இன்றைக்கே அதைக் குப்பையில் போடுங்கள்.

சோதிப்பது எளிது. இண்டக்‌ஷனைப் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, மெயினையும் அணைத்தபின் பிளக்கின் பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் கவ்வு தளர்ந்திருக்கிறது அல்லது பின்னால் ஸ்க்ரூ லூஸ். பிளாஸ்டிக் பழுத்திருந்தால் சாக்கெட்டை மாற்றத்தான் வேண்டும்.

சாக்கெட்டை மட்டும் 16 ஆம்பியராக மாற்றி, பழைய மெல்லிய ஒயரை அப்படியே விடுவது சாக்கெட் மாற்றாததைவிடக் கேடு. டி.பி.யிலிருந்து (எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டி) தனி லைன் இழுக்க வேண்டும். செம்பு ஒயர் குறைந்தது 2.5 சதுர மி.மீ., தூரம் அதிகமானாலோ மைக்ரோவேவ் ஓவனும் வரப்போகிறது என்றாலோ 4. கூடவே எர்த்தும், தனி எம்.சி.பி.யும். பழைய கட்டடங்கள் சிலவற்றில் அலுமினிய ஒயர் உண்டு. அதோடு செம்பை முறுக்கி டேப் சுற்றினால் அந்த ஜாயிண்ட் நாளடைவில் தளர்ந்து சுடும். அப்படி இருந்தால் சமையலறை வரையாவது முழுசாக மாற்றிவிடுங்கள். டி.பி.யில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீடு என்றால் புது டைலுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதை மாட்டுங்கள். ஈரக் கையும் கரண்டும் தினம் சந்திக்கும் இடம் இது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் இல்லாமல் எதையும் தொட வேண்டாம்.

கரண்ட் வேலையோடு கேஸ் ட்யூபையும் பார்த்துவிடுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபின் மேலேயே காலாவதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருடம்தான் கணக்கு. அடுப்புக்குப் பின்னால் சூட்டில் உரசிக்கொண்டு போகக் கூடாது. கசிவு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906க்குக் கூப்பிடுங்கள்.

காய் நறுக்கும் இடத்தில் நிழல், எவ்வளவு கழுவினாலும் அழுக்காகவே தெரிகிறது

விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வெளிச்சம் முழுக்க உங்கள் முதுகில், நிழல் முழுக்க பலகையில். சமையலறை "பழசா இருக்கு" என்று தோன்றுவதில் இந்த மங்கலுக்குப் பெரிய பங்கு உண்டு. குறைந்த செலவில் அதிக மாற்றம் தருவதும் இதுதான் என்பது எங்கள் தீர்ப்பு.

மேல் ஷெல்ஃப் அல்லது பரணின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, 2 அடி நீள 10 வாட் எல்.ஈ.டி. பேட்டன்கள் இரண்டு போடுங்கள். சுவர் பக்கமாகப் போட்டால் டைலில் பளபளப்பு மட்டும்தான் கிடைக்கும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய் ஆவி ஏறிப் பழுத்துவிடும். நிறம் 4000 கெல்வின். 6500 வாங்கினால் சாம்பாரும் நீலம் பூத்தாற்போலத் தெரியும். 3000 ஓட்டல் மாதிரி இருக்கும், கீரையில் புழு தெரியாது. டேப் லைட் வேண்டுமென்றால் ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மூடியுள்ள அலுமினியப் பட்டியும் சேர்த்து வாங்குங்கள். மூடி இல்லாத டேப்பில் பிசுக்கு ஏறினால் துடைக்கவே முடியாது. டேப்புக்குக் கரண்ட் தரும் டிரைவர் பெட்டி, டேப்பின் மொத்த வாட்டைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும்.

தாளித்தால் நெடி ஹாலுக்குப் போகிறது

எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஒரு மெல்லிய தாளை அதன் முன் காட்டுங்கள். தாள் ஒட்டிக்கொள்ளவில்லை என்றால் இறக்கையில் பிசுக்கு கட்டியிருக்கிறது அல்லது வெளியே இருக்கும் மூடி திறக்கவில்லை. மெயினை அணைத்துக் கழற்றி, பிளாஸ்டிக்கோ இரும்போ ஆன இறக்கையை வாஷிங் சோடா கலந்த சுடுதண்ணீரில் ஊற வையுங்கள். அலுமினிய இறக்கையாக இருந்தால் சோடா ஆகாது, கறுத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பே போதும்.

தாள் ஒட்டுகிறது, ஆனால் நெடி போகவில்லை? ஃபேனுக்கு அடுத்த ஜன்னலைத் திறந்து வைத்திருப்பீர்கள். ஃபேன் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அடுப்புப் புகை அப்படியே நிற்கும். பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவையோ தூரத்து ஜன்னலையோ திறந்து பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

சிம்னி வாங்குவதென்றால் அடுப்புப் பரப்பிலிருந்து 65 முதல் 75 செ.மீ. உயரத்தில், 6 அங்குலக் குழாயோடு, இரண்டு வளைவுக்கு மேல் போகாமல் வெளியே விட வேண்டும். சுவரில் ஏற்கெனவே 4 அங்குல ஓட்டை இருக்கிறதென்று குழாயைச் சுருக்கினால் சத்தம்தான் கூடும், இழுவை இருக்காது. சிம்னி அடுப்பைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது.

டைல் நன்றாக இருக்கிறது, இடுக்கெல்லாம் கறுப்பு

அந்தக் காலத்தில் இடுக்கில் பூசியது வெள்ளை சிமெண்ட். அது எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும். ஆசிட் போட்டுத் தேய்த்தால் மேலே வெளுத்து, அடியில் இன்னும் பொத்தலாகி, இரண்டே மாதத்தில் முன்னைவிடக் கறுக்கும். பொத்தலே இல்லாத எபாக்சி கிரவுட்டை (ரெசின் கலந்த இடுக்குப் பூச்சு) நிரப்புவதுதான் வழி. டைலை உடைப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பலர் அதற்கப்புறம் உடைக்கும் யோசனையையே விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு வாங்குவது? இடுக்கு 3 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம் என்று வைத்து, 40 சதுர அடிக்கு: 8க்கு 12 அங்குல டைல் என்றால் சேதாரத்தோடு 1 கிலோ. பழைய 4க்கு 4 அங்குல டைல் என்றால் இடுக்கு நிறைய, 2 கிலோ.

முதலில் வாஷிங் சோடாத் தண்ணீரால் பிசுக்கை எடுங்கள். கிரவுட் சுரண்டியால் பழைய சிமெண்ட்டைக் குறைந்தது 3 மி.மீ. ஆழத்துக்கு எடுங்கள். மேலோட்டமாகச் சுரண்டி அதன்மேல் பூசுவதுதான் வழக்கமாக நடக்கும் ஏமாற்று, ஆறு மாதத்தில் செதில் செதிலாக உதிரும். மெஷின் வைத்துச் சுரண்டினால் வேகம், ஆனால் கை நழுவினால் டைல் முனை பெயர்ந்துவிடும். தூசியை ஊதி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் எபாக்சி பிடிக்காது.

ரெசின், ஹார்டனர், தூள் மூன்றையும் பெட்டியில் சொன்ன விகிதத்தில் நிறுத்துக் கலக்க வேண்டும், கண் அளவு கூடாது. ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். சென்னை மே மாத மதியத்தில் கலவை பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்பே இறுகிவிடும், அதனால் காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். ரப்பர் பட்டையால் இடுக்குக்குக் குறுக்காக, சாய்வாக அழுத்தித் திணிக்கவும். நேராக இழுத்தால் உள்ளே போனதையும் வழித்துக்கொண்டு வரும். ஒரு சதுர மீட்டர் முடிந்ததும் ஈரமான ஸ்க்ரப்பரால் வட்டமாகத் தேய்த்து, சுத்தமான ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். சுவர் முழுக்க பூசிவிட்டுக் கடைசியில் துடைத்துக்கொள்ளலாம் என்றால், டைல்மேல் படிந்த மங்கல் படலம் ஒட்டியே போய்விடும். கையுறை கட்டாயம். தண்ணீர் 24 மணி நேரம் கழித்து, முழு இறுக்கம் ஒரு வாரத்தில்.

நிறம் வெள்ளை வேண்டாம். இளஞ்சாம்பல் எடுங்கள், பழைய டைலே வேண்டுமென்று போட்டது மாதிரி இருக்கும்.

டைலே ஆடினால் கதை வேறு. நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். பொக்கென்று கேட்பவற்றில் சாக்பீஸால் குறி போடுங்கள். நாலைந்து என்றால் அவற்றை மட்டும் எடுத்து ஒட்டலாம். பாதிக்கு மேல் பொக்கு என்றால் அந்தச் சுவரை உடைக்கத்தான் வேண்டும். எல்லாம் கெட்டியாக இருந்து, டிசைன்தான் பிடிக்கவில்லை என்றால் டைல் மேல் டைல் ஒட்டும் பசையால் மேலேயே ஒட்டிவிடலாம். சுவிட்ச் பெட்டியும் குழாய் முனையும் அவ்வளவு உள்ளே போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். குழாய்க்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் வாங்க வேண்டியிருக்கும். வினைல் ஸ்டிக்கர் அலமாரிக்குள் ஒட்ட நன்றாக இருக்கும். அடுப்புக்குப் பின்னால் ஒட்டினால் ஓரம் சுருண்டு, நெருப்புக்கும் பயம்.

கடப்பா மேடை வெளுத்துப் புள்ளி புள்ளியாகிவிட்டது

எலுமிச்சை, புளி, தயிர், டாய்லெட் ஆசிட். சுண்ணாம்புக்கல் எதைக் கண்டு பயப்படுமோ அத்தனையும் அதன்மேல் தினமும் விழுகிறது. அது கறை இல்லை, கல்லின் மேல்தோல் அரிக்கப்பட்டிருக்கிறது. எனவே தேய்த்தால் போகாது. தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு நாள் கறுப்பாக மின்னும், மறுநாள் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும்.

மார்பிள் பாலிஷ் போடுபவரிடம் சின்ன மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் விட்டுக்கொண்டே 100, 200, 400, 800, 1500 என்று பேடை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய பேடின் கீறல் அப்படியே நிற்கும். 800ல் நிறுத்தினால் மங்கலான கறுப்பு, அன்றாடக் கீறல் தெரியாது. சமையல் மேடைக்கு அதுவே மேல். நன்றாகக் காய்ந்தபின் கல்லுக்குள் ஊறும் சீலரை மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சீலர் எண்ணெயைத் தடுக்கும், அமிலத்தைத் தடுக்காது. எலுமிச்சையைப் பலகையில் வைத்தே நறுக்குங்கள். உடைந்த ஓரத்துக்கும் விரிசலுக்கும் கறுப்பு நிறம் கலந்த கல் எபாக்சி போதும்.

கிரானைட்தான் வேண்டும் என்றாலும் கடப்பாவைப் பெயர்க்காமல் அதன்மேலேயே ஒட்டலாம். 18 மி.மீ. கிரானைட் சதுர அடிக்குச் சுமார் 4.5 கிலோ. பத்தடிக்கு இரண்டடி மேடை என்றால் 90 கிலோ கூடுதல் பாரம். கீழே மூன்றடிக்கு ஒரு தடுப்பு இருக்கிறதா, எதுவும் விரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேடை ஓரங்குலம் உயர்வது பெரும்பாலும் நல்லதற்கே. பழைய மேடைகள் தாழ்வு, நின்று சமைத்தால் முதுகு பிடிக்கும். முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருப்பது சரியான உயரம்.

கப்போர்டு கதவு தொங்குகிறது, அல்லது கதவே இல்லை

தொங்கும் கதவுக்குத் தச்சர் வேண்டாம். கீலில் முன்பக்க ஸ்க்ரூவைத் திருப்பினால் கதவு இட வலமாக நகரும், பின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் முன்னும் பின்னும் போகும், பக்கத்துப் பலகையில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூ உயரத்துக்கு. கால் சுற்று திருப்பி, கதவை மூடிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. ஸ்க்ரூ சும்மா சுற்றினால் ஓட்டை தேய்ந்திருக்கிறது. பல் குச்சிகளைப் பசையில் தோய்த்து ஓட்டையில் நெருக்கித் திணித்து, மறுநாள் சீவிவிட்டு ஸ்க்ரூ போடுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் உப்புக்காற்றில் குரோம் பூசிய கீலும் கம்பிக்கூடையும் சீக்கிரம் துரு கண்டுவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். கடைக்காரர் காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டுவார். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பொருளிலோ பில்லிலோ 304 என்று எழுதியிருக்க வேண்டும்.

கதவே இல்லாத கடப்பாத் தடுப்பு என்றால் உள்ளே பெட்டி செய்யவே வேண்டாம், கல்லே பெட்டி. கல்லில் நேராக ஸ்க்ரூ அடித்தால் பிளக்கும். அலுமினியம் அல்லது டபிள்யூ.பி.சி. சட்டத்தைக் கல்லில் பசையாலும் சுவர் முனையில் ஃபிஷர் ஸ்க்ரூவாலும் (பிளாஸ்டிக் உறையோடு சுவரில் இறக்குவது) நிறுத்தி, அதில் கதவை மாட்டுங்கள். செலவு கதவுக்கும் கீலுக்கும் மட்டும். தடுப்புகள் ஒன்றுக்கொன்று ஓரிரு அங்குலம் கோணலாக இருக்கும், எனவே ஒவ்வொரு வாயையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்தபின் அறுக்கச் சொல்லுங்கள். பிளைவுட், லேமினேட், கீல் எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்த்து விலை பேச பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோடு வசதி.

சுவரில் பெயிண்ட் உரிகிறது

ஓரடிச் சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர் பக்கம் வியர்த்தால் ஓதம் உள்ளே. நம் பக்கம் வியர்த்தால் சமையல் ஆவி, காற்றோட்டம் போதவில்லை. உள்ளே ஓதம் இருந்து, அது ஐப்பசி கார்த்திகை மழைக்கு மட்டும் வந்தால் வெளிச்சுவர் அல்லது சன்ஷேட் விரிசல். வருடம் முழுக்க என்றால் பைப், அல்லது மேல் வீட்டு சிங்க். மூலத்தை அடைக்காமல் பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பது வீண்.

ஈரமில்லாமல் உரிந்தால் பிசுக்கின்மேல் அடித்திருக்கிறார்கள். 5 லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, காய்ந்ததும் சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். பிறகு 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர், அதன்மேல் கழுவக்கூடிய எமல்ஷன் இரண்டு கோட். அடைமழை மாதங்களில் இந்த வேலையை எடுக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்தும் குட்டிக் கரப்பான்

ஸ்பிரே அடித்தால் சிதறி மறுபடி வரும். ஜெல் மருந்தை 2, 3 மி.மீ. புள்ளியாக, ஓரடிக்கு ஒன்றாக, கீல் இடுக்கு, ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க் அடி ஆகிய இடங்களில் வையுங்கள். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடமாக இருக்கட்டும். அதன்மேலோ பக்கத்திலோ ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. முட்டைக்கூடு இதில் சாகாது, எனவே இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை வைக்க வேண்டும்.

ஆள் விடும்போது

பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல் ஆள், தச்சர் நால்வரையும் ஒரே நாளில் வரச் சொல்லாதீர்கள். எட்டுக்குப் பத்து அறையில் ஒருவர் தூசி இன்னொருவர் எபாக்சியில் விழும். கூலியைச் சதுர அடிக்குப் பேசினால் கதவுப் பரப்புக்கா, முழுப் பெட்டிக்கா, பொருளும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். சண்டை எப்போதும் அதில்தான். சுவரைத் தொடும் வேலை என்றால் அசோசியேஷனில் முன்கூட்டிச் சொல்லி, வேலை நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். இடிபாட்டைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். அதை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று மாநகராட்சி உதவி எண் 1913ல் கேட்டுவிட்டு, மூட்டை கட்டி வைத்தபின் வண்டி சொல்லுங்கள்.